பேச்சியை அனாதையாக்கியது யார்? 1764 மதுரை முற்றுகையை வைத்து ஒரு சிறார் நாவல்

சிம்மக்கல் ஆசிரியை:

பத்து வயதிலிருந்து பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகள் படிப்பதற்காக ஒரு சரித்திர சாகச நாவல் எழுதி வருகிறேன். களம் மதுரைக் கோட்டை, காலம் 1764. கான் சாகிப் என்றும் மருதநாயகம் என்றும் நாம் அறிந்த யூசுப் கான், ஆற்காட்டு நவாபு முகமது அலியையும் கும்பினியாரையும் (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியாரையும்) எதிர்த்துக் கோட்டைக்குள் நின்று போரிட்ட அந்த மாதங்களில்தான் கதை முழுவதும் நடக்கிறது. நாயகி பேச்சிக்குப் பதினொரு வயது. தாய் தகப்பன் இல்லை. கோட்டைக் குதிரை லாயத்துக்குப் புல் அறுத்துப் போட்டுப் பிழைக்கிறாள். யாருக்கும் அடங்காதவள், வாய்த்துடுக்கு உள்ளவள், கண்ணும் காதும் கூர்மையானவள். கோட்டைக் கதவின் சிறு நுழைவாயிலான திட்டிவாசல் வழியாக வெளியே போய்க் கும்பினிப் படையின் நடமாட்டத்தைத் தெரிந்துகொண்டு வருகிறாள். ஐந்தாம் அத்தியாயத்தில், ஆனி மாதத்து இரவொன்றில் பரிசலேறி வைகையைக் கடக்கிறாள். கடைசிப் பகுதியில், கான் சாகிப்பிடம் பணியில் இருந்த பிரெஞ்சுத் தளபதி மார்ஷாந்து அவரைக் காட்டிக்கொடுக்கத் திட்டமிடுவதை ஒட்டுக்கேட்கிறாள்.

கதைச் சுருக்கத்தையும் மாதிரிப் பக்கங்களையும் தனியாகப் போட்டிருக்கிறேன். அவள் பேசும் விதம் தெரிவதற்காக முதல் அத்தியாயத்திலிருந்து சில வரிகளை இங்கே தருகிறேன்.

“புல்லுக்கட்டை இறக்கி வைக்கச் சொன்னான் காவற்காரன். பேச்சி இறக்கவில்லை. ‘இறக்கினால் மறுபடி தூக்கிவிட ஓர் ஆள் வேண்டும். நீ தூக்கிவிடுவாயா?’ என்று கேட்டாள். அவன் ஈட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கட்டுக்குள் கையை விட்டுத் துழாவினான். நெருஞ்சி முள் விரலில் ஏறியதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். நெருஞ்சியை மேலாக வைத்துக் கட்டியவள் அவள்தான்.”

உங்களிடம் கேட்பவை இரண்டு. இந்தச் சிறுமி நம்பும்படியாக இருக்கிறாளா? கான் சாகிப் 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார் என்பதை மாற்ற முடியாது; அந்த முடிவைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

வைகைக்கரை:

நெருஞ்சி முள் நன்றாக இருக்கிறது, அம்மா. ஆனால் பரிசலை எடுத்துவிடுங்கள். ஆனியில் வைகையில் பரிசல் விட நீர் ஏது? நம் தலைமுறையினர் வைகை அணையிலிருந்து திறந்துவிடும் தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவர்கள். அந்த அணை 1959-இல் வந்தது. பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திரும்பியதே 1895-இல்தான். அதற்கு முந்தைய வைகை, வடகிழக்குப் பருவமழையை நம்பியிருந்த ஆறு. ஐப்பசி, கார்த்திகையில் கரைபுரண்டு போகும். கோடையில் கரைக்குக் கரை மணலாகக் கிடக்கும். மக்கள் மணலில் ஊற்றுத் தோண்டிக் குடம் நிரப்புவார்கள்.

பரிசல் போனால் ஒரு காட்சி போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். நிலவு காயும் இரவில் மறைவதற்கு ஒரு புதர்கூட இல்லாத மணல்வெளியை, கொத்தளத்தின் மேலிருக்கும் காவலுக்கும் எதிர்க்கரையிலிருக்கும் காவலுக்கும் தெரியாமல் ஒரு சிறுமி கடப்பதுதான் உண்மையில் நெஞ்சு படபடக்க வைக்கும். பரிசலில் உட்கார்ந்து போவதற்குத் துணிச்சல் எதற்கு? காலடித் தடம் வேறு மணலில் பதிந்துவிடும். ஊற்றுக் குழியருகே இரண்டு பக்கத்து ஆட்களும் தண்ணீருக்கு வந்தே தீர வேண்டும் என்பதால், அவள் செய்தி கேட்பதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1763-இல் நடந்த முதல் முற்றுகை மழைக்காலம் பிறந்ததும் தானாகவே கலைந்தது. அடுத்த ஆண்டு மேஜர் சார்லஸ் கேம்பல் தலைமையில் கும்பினிப் படை மறுபடி வந்தபோது, கோட்டைக்குள் இருந்தவர்கள் எதை எதிர்பார்த்துக் காத்திருந்திருப்பார்கள்? ஐப்பசி மழையைத்தான். மழை வரும்வரை தாக்குப்பிடித்தால் போதும் என்ற கணக்கு ஒவ்வொருவர் மனத்திலும் ஓடியிருக்கும். கான் சாகிப் பிடிபட்டது அக்டோபர் 13 அன்று, அதாவது ஐப்பசி பிறக்கும் தறுவாயில். உங்கள் நாவலுக்குக் கடிகாரம் வேண்டுமென்றால் அது வானம்தான். ஒவ்வொரு அத்தியாயத்திலும் பேச்சி ஒரு முறையாவது தலை நிமிர்ந்து பார்க்கட்டும்.

பழைய புத்தகக்கடை:

எனக்கு வேறொரு சந்தேகம். சிறார் சாகசக் கதைகளில் அனாதைக் குழந்தைகள் இவ்வளவு பேர் திரிவதற்கு முக்கியமான காரணம் எழுதுகிறவரின் வசதி என்றுதான் நான் நினைக்கிறேன். தாய் தகப்பன் இருந்தால், “இருட்டிய பிறகு எங்கேடி போகிறாய்?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியைத் தவிர்ப்பதற்காக அவர்களை முதல் பக்கத்திலேயே கொன்றுவிடுகிறோம். பிறகு அவர்களை நினைப்பதே இல்லை. பேச்சியின் பெற்றோர் எப்படி இறந்தார்கள்?

சிம்மக்கல் ஆசிரியை:

வாந்திபேதியில் இறந்தார்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கிறேன். கதை அதைப் பற்றியது அல்ல என்பதால் அங்கே அதிகம் நிற்கவில்லை. பரிசல் விடைபெற்றுவிட்டது, மணல்வெளி வந்துவிட்டது.

கல்வெட்டுப் பித்தன்:

கதை அதைப் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. பொறுமையாகப் படியுங்கள், சற்று நீளமாகும்.

கான் சாகிப் திடீரென்று 1763-இல் முளைத்தவர் அல்லர். இராமநாதபுரம் சீமைப் பனையூரில் பிறந்து, கும்பினியின் சிப்பாய்ப் படையில் சேர்ந்து, அதன் இந்தியத் தளபதிகளில் முதன்மையானவராக உயர்ந்தவர். 1758–59-இல் பிரெஞ்சுக்காரர்கள் லாலியின் தலைமையில் சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, வெளியே நின்று அவர்களுக்கு உணவும் தளவாடமும் போய்ச்சேராமல் தொல்லை கொடுத்தவர் இவர்தான். பிறர் வயிற்றுக்குப் போகும் வழியை அடைக்கத் தெரிந்த அதே மனிதரின் கோட்டைக்கு 1764-இல் அதே வழி அடைக்கப்பட்டது என்பதை உங்கள் நாவலில் யாராவது ஒரு கிழவராவது சொல்லியாக வேண்டும்.

கும்பினிக்காக அவர் செய்த வேலைகளில் தெற்குப் பாளையங்களை அடக்கியது முக்கியமானது. நெற்கட்டும்செவல் பூலித்தேவருக்கு எதிராக அவர் நடத்திய போர்கள் 1761-இல் முடிவுக்கு வந்தன. நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளும் அந்த ஆண்டு அவர் கைக்குப் போயின. (இந்தப் பனையூர் வேறு, அவர் பிறந்த பனையூர் வேறு, பிள்ளைகள் குழம்பாதபடி ஒன்றை விட்டுவிடலாம்.) அதன் பிறகுதான் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் யார் எசமானர் என்ற சச்சரவு நவாபுக்கும் அவருக்கும் முற்றி, கும்பினி நவாபின் பக்கம் சாய, அவர் தனியாக நிற்க நேர்ந்தது.

இப்போது கணக்குப் போடுங்கள். 1764-இல் பதினொரு வயதான சிறுமிக்கு 1761-இல் எட்டு வயது. அவள் வாசுதேவநல்லூர்க் கோட்டைக்குள் இருந்த குடும்பத்துப் பிள்ளையாக இருக்கட்டும். மண்கோட்டையின் மேல் பீரங்கி முழங்கியதையும், பிறகு வாசல் திறந்ததையும் அவள் பார்த்திருப்பாள். தாய் தகப்பனைக் கொண்டுபோனது வாந்திபேதியாக இல்லாமல் கான் சாகிப்பின் படையாக இருக்கட்டும். அனாதையான பிள்ளை, பிழைக்க வழியில்லாமல் வண்டிகளின் பின்னாலேயே நடந்து மதுரைக்கு வந்து, தன்னை அனாதையாக்கிய மனிதரின் குதிரைகளுக்கே புல் அறுக்கிறாள். அவருடைய களஞ்சியத்திலிருந்து அளந்து போடும் தானியத்தில்தான் அவள் கஞ்சி காய்ச்சுகிறாள். மூன்று ஆண்டுகள் கழித்து, அவரைக் காட்டிக்கொடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி அவள் காதில் விழுகிறது. சொல்வாளா, மாட்டாளா?

இதற்காக வரலாற்றில் ஒரு நாளைக்கூட நகர்த்த வேண்டியதில்லை. உங்களிடம் இப்போது இருப்பது ஒற்று வேலை பார்க்கும் ஒரு சுட்டிப் பெண். இப்படி மாற்றினால், முடிவெடுக்க வேண்டிய ஒரு பெண் கிடைப்பாள்.

சிம்மக்கல் ஆசிரியை:

படித்துவிட்டு நெடுநேரம் யோசித்தேன். கவர்ச்சியான யோசனை என்பதை மறுக்கவில்லை. ஆனால் தயக்கங்கள் இருக்கின்றன. முதலாவது, ஆறாம் வகுப்புப் பிள்ளை, “கான் சாகிப் நல்லவரா, கெட்டவரா?” என்று கேட்கும்; அதற்கு விடை சொல்லாத புத்தகத்தை மூடி வைத்துவிடும். இரண்டாவது, இங்கே பூலித்தேவரைப் போற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், மருதநாயகத்தைப் போற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேரையும் ஒரே வரிசையில் விடுதலை வீரர்களாக வைத்துப் பாடம் நடத்துகிறோம். ஒருவர் மற்றவருடைய கோட்டையை உடைத்தவர் என்பதை மேடைகளில் யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்லும் பொறுப்பு ஒரு சிறார் நாவலுக்கு எதற்கு?

திருமங்கலம் வாசகி:

சிறார் நாவல் அல்லாமல் வேறு எது சொல்லும் என்று நினைக்கிறீர்கள்? பெரியவர்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து முடித்துவிட்டோம். “நல்லவரா, கெட்டவரா?” என்று கேட்கும் பிள்ளைதான், “இரண்டுமா?” என்று அடுத்த கேள்வியையும் கேட்கும். மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த மானியங்கள் நின்றுபோயிருந்த காலத்தில் அவற்றை மறுபடி கிடைக்கச் செய்தவர், ஏரி குளங்களைச் செப்பனிட்டவர், வழிப்பறியை அடக்கியவர் என்று மதுரை வட்டாரம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. தெற்கே போனால் நினைவு வேறு. இரண்டு நினைவுகளையும் ஒரே சிறுமியின் தலைக்குள் வைத்துவிட்டால், நீங்கள் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. அவள் தவிப்பதைக் காட்டினால் போதும்.

ஒரே ஒரு வேண்டுகோள். அவர் அவள் தலையில் கையை வைத்து ஒரு நல்ல வார்த்தை சொன்னதும் அவள் கோபம் கரைந்துவிட்டது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நிறையப் பார்த்துவிட்டோம்.

பிறகு, அவள் சாப்பாட்டைப் பற்றி ஒரு கேள்வி. நீங்கள் போட்டிருக்கும் மாதிரிப் பக்கங்களில் பேச்சி ஓடுகிறாள், ஏறுகிறாள், குதிக்கிறாள், ஓரிடத்திலும் சாப்பிடவில்லை. தனியாக இருக்கும் பிள்ளைக்கு நாளின் முதல் வேலையே அதுதான். யார் வீட்டுத் திண்ணையில் படுக்கிறாள்? எந்தக் கிணற்றில் அவளைத் தண்ணீர் எடுக்க விடுவார்கள், எந்தக் கிணற்றில் விரட்டுவார்கள்? அந்தக் காலத்து மதுரையில் இதற்கெல்லாம் சாதி பார்க்காமல் விடை இல்லை. நீங்கள் அதைச் சொல்லாமல் தாண்டினால், கோட்டையும் பீரங்கியும் மட்டும்தான் சரித்திரம், சோறும் தண்ணீரும் சரித்திரம் இல்லை என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ளும்.

அனுப்பானடி:

பெரிய விஷயங்களைப் பேசுகிறீர்கள். நான் சில்லறைகளைப் பொறுக்கித் தருகிறேன். மூன்றாம் அத்தியாயத்தில் பேச்சி தீக்குச்சியை உரசுகிறாள். உரசினால் பற்றும் தீக்குச்சி பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சரக்கு. அவளுக்குச் சக்கிமுக்கிக் கல்லும் பஞ்சும் கொடுங்கள், அல்லது அண்டை அடுப்பிலிருந்து கங்கு வாங்கிவரச் சொல்லுங்கள். லாயத்துக் கிழவி வைக்கும் குழம்பில் தக்காளி வேண்டாம், புளி போதும். மிளகாய் இருக்கலாம், அது போர்த்துக்கீசியர் காலத்திலேயே வந்துவிட்டது. “மாலை ஐந்து மணிக்கு” என்பதை “பொழுது சாய” என்று மாற்றிவிடுங்கள். சிப்பாய்கள் தேநீர் குடிக்கவே கூடாது.

தீக்குச்சியைவிடப் பெரிய சிக்கல் ஏழாம் அத்தியாயத்தில் இருக்கிறது: பேச்சி ஓலையைப் படிக்கிறாள். புல் அறுக்கும் அனாதைச் சிறுமிக்கு அந்தக் காலத்தில் எழுத்து எப்படித் தெரியும்? திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அவளை யார் சேர்த்திருப்பார்கள்? படிக்கத் தெரியாத நாயகி எப்படி ஒற்று வேலை பார்ப்பாள் என்று யோசித்தால் புதிதாக ஏதாவது அகப்படும்.

கல்வெட்டுப் பித்தன்:

அகப்பட்டுவிட்டது, அனுப்பானடியாரே. அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் கட்டு எண்ணத் தெரியும். ஒரு குதிரைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு புல் வேண்டும் என்பது புல்லுக்காரிக்கு மனப்பாடம். லாயத்துக்குள் நேற்றுப் போன கட்டும் இன்று போன கட்டும் தெரிந்தால், எத்தனை குதிரைகள் குறைந்திருக்கின்றன என்று தளபதிகளுக்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். கும்பினி முகாமிலும் குதிரைகள் உண்டு. அவற்றுக்கும் புல் வேண்டும். விலை பேசிக்கொண்டு போகிற சிறுமியை யாரும் ஒற்றர் என்று சந்தேகிக்க மாட்டார்கள். அங்கே எத்தனை கட்டு கேட்கிறார்கள் என்பதை வைத்தே படையின் பெருக்கத்தை அவள் சொல்லிவிடுவாள். ஓலையும் வேண்டாம், முத்திரை மோதிரமும் வேண்டாம்.

திருமங்கலம் வாசகி:

அதையே சாப்பாட்டோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதத்தில் கும்பினிப் படை சுவரை உடைத்து ஏறப் பார்த்துத் தோற்றது. மேஜர் பிரஸ்டன் அந்தத் தாக்குதலில் பட்ட காயத்தால் இறந்தார். அதற்குப் பிறகு ஏறுவதை விட்டுவிட்டு, உள்ளே ஒரு மூட்டைகூடப் போகாதபடி வழிகளை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். எனவே உங்கள் நாவலின் முதல் பாதி பீரங்கிக் கதை. இரண்டாம் பாதி பசிக் கதை. இரண்டாம் பாதியில் சாகசம் குறைந்துவிடும் என்று நீங்கள் பயப்படுவது தெரிகிறது, ஏனென்றால் உங்கள் சுருக்கத்தில் ஆடியிலிருந்து புரட்டாசி வரை ஒரே பத்தியில் ஓடிப்போகிறது. நான் அங்கேதான் நின்றிருப்பேன்.

எப்படி நடந்திருக்கும் என்று பாருங்கள். குதிரைக்குக் கொள்ளு அவிப்பார்கள். முதலில் பேச்சி, குதிரைத் தொட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் கொள்ளை வழித்துத் தின்கிறாள். லாயக்காரன் கண்டும் காணாமல் இருக்கிறான். சில நாள் கழித்து அந்தக் கொள்ளைச் சிப்பாய்களே கேட்டு வாங்குகிறார்கள். பிறகு குதிரையே அடுப்புக்குப் போகிறது. அப்போது புல்லுக்கட்டுக்கு என்ன விலை? ஒன்றுமில்லை. புல் வேண்டாம் என்றால் பேச்சியும் வேண்டாம். அவளுக்கு அளந்து போடும் தானியம் நின்றுபோகும். கோட்டைக்குள் பரிந்து பேச ஆள் இல்லாதவருக்குத்தான் படி முதலில் குறையும். அனாதை என்பதன் பொருள் அங்கேதான் பிள்ளைகளுக்கு உறைக்கும். பெற்றோர் படத்துக்கு முன்னால் அவள் அழுவதாக எழுதினால் உறைக்காது (1764-இல் படம் ஏது என்று அனுப்பானடியார் உடனே வந்துவிடுவார்).

வைகைக்கரை:

ஆடு மாடுகளுக்குச் சொல்வதைப் போல, “பசித்த புல்லுக்காரி அகழிக் கரையிலேயே மேய்ந்துகொண்டாள்” என்று ஒரு வரி போடலாம். குப்பைக்கீரை, கோரைக்கிழங்கு, கற்றாழை என்று எது தின்னக்கூடியது என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? லாயத்துக் கிழவியைக் காப்பாற்றுவது அந்த அறிவாக இருக்கட்டும். துணிச்சல் மட்டும் போதாது. கிழவிக்குக் கோரைக்கிழங்கு கிளறிக் கொடுக்கும்போது வாய் மட்டும் பழையபடி துடுக்காகவே இருக்கட்டும். பசியில் நாயகியைச் சாதுவாக்கிவிடாதீர்கள்.

சிம்மக்கல் ஆசிரியை:

வாசுதேவநல்லூரை ஏற்றுக்கொண்டேன். முதல் அத்தியாயத்தை அங்கிருந்து தொடங்கவில்லை. தொடங்கினால் கண்ணீர்க் கதையாகிவிடும். நெருஞ்சி முள்ளோடேயே தொடங்கி, அவள் ஏன் பீரங்கிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எல்லாரையும் போலக் குனியாமல் வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கிறாள் என்பதை மட்டும் ஆங்காங்கே வைத்துக்கொண்டு போகிறேன். நான்காம் அத்தியாயத்தில், ஊற்றுக் குழியருகே, தெற்கத்திச் சிப்பாய் ஒருவன் அவள் பேச்சைக் கேட்டு, “நீ எந்த ஊர்?” என்று கேட்கும்போது வாசகருக்கு விஷயம் தெரிய வரும்.

ஆனால் முடிவில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அவள் சதியை ஒட்டுக்கேட்கிறாள் என்று வைத்தாகிவிட்டது. எச்சரிக்கிறாளா, இல்லையா? எச்சரித்தால் ஏன் பயனில்லாமல் போனது என்று காட்ட வேண்டும். எச்சரிக்காமல் விட்டால், பழிவாங்கிய பெண்ணாக அவளைப் பிள்ளைகள் நினைத்துக்கொள்ளும்.

பழைய புத்தகக்கடை:

எச்சரிக்கக் கூடாது. அவருக்கு அவள் என்ன கடன்பட்டிருக்கிறாள்? அளந்து போட்ட தானியத்துக்கு அவள் புல் அறுத்துவிட்டாள், கணக்கு நேராகிவிட்டது. கேட்டதைக் கேட்காதவள் போல் நடந்து போகட்டும். சிறார் நாவல்களில் நாயகி கடைசியில் பெரியவர் ஒருவரைக் காப்பாற்ற ஓடியே தீர வேண்டும் என்று யார் விதித்தது?

கல்வெட்டுப் பித்தன்:

ஓட வேண்டும் என்கிறேன். ஆனால் விசுவாசத்துக்காக இல்லை. எட்டு வயதில் அவள் ஒரு கோட்டை விழுந்ததை உள்ளிருந்து பார்த்தவள். தலைவன் பிடிபட்டால் அன்றிரவு வாசல் திறக்கும். வாசல் திறந்தால் முதலில் யார் வீட்டுக்குள் கால் வைப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். லாயத்துக் கிழவி இருக்கிறாள், அடுத்த குடிசையில் கைக்குழந்தைகள் இருக்கின்றன. அவள் ஓடுவது அவர்களுக்காக. கான் சாகிப் உயிரோடு இருந்தால் வாசல் மூடியிருக்கும், அவ்வளவுதான். வெறுக்கும் ஒருவரைக் காப்பாற்ற ஓடும் சிறுமியின் மனநிலையை நீங்கள் எழுதிவிட்டால், முன்னர் கேட்ட “நல்லவரா, கெட்டவரா?” என்ற கேள்விக்கும் அங்கேயே இடம் கிடைத்துவிடும்.

அது ஏன் பயனில்லாமல் போனது என்பதற்கு வரலாறே உதவும். தொழுகையில் இருந்தபோது அவரை மடக்கிக் கட்டினார்கள் என்று சொல்லப்படுகிறது. தொழுகை வேளையில் யாரையும் உள்ளே விடாதே என்பது காவலுக்கு வழக்கமான ஆணையாக இருந்திருக்கும் அல்லவா? அவளைத் தடுக்கும் காவற்காரன் கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை. முதல் அத்தியாயத்தில் நெருஞ்சி குத்தியவனே அங்கே நிற்கட்டும். “இதிலும் முள் வைத்திருக்கிறாயா?” என்று அவன் கேட்டுச் சிரிப்பான். அவள் சொல்வதை நம்பாமல் இருக்க அவனுக்கு எல்லாக் காரணமும் இருக்கிறது.

திருமங்கலம் வாசகி:

இது சரி. புத்தகக்கடைக்காரர் சொன்ன கணக்கையும் விட்டுவிடாதீர்கள், ஓடுவதற்கு முன் அவள் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, “எனக்கு என்ன?” என்று ஒரு முறை உட்கார்ந்துவிட்டுப் பிறகு எழுந்திருக்கட்டும்.

தூக்குத் தண்டனையைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. அந்தக் காட்சி வேண்டாம். அவள் அந்த இடத்துக்குப் போகவே வேண்டாம். சம்மட்டிபுரத்தில் அவருடைய தர்கா இன்றும் இருக்கிறது. ஆசிரியர் குறிப்பில் அதைச் சொன்னால், பார்க்க நினைக்கும் பிள்ளை பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும்: அவர் இறந்தபோது அவருக்குச் சிறு வயது மகன் ஒருவன் இருந்தான். பேச்சிக்கு அது தெரிய வரும்போது அவள் என்ன நினைக்கிறாள் என்று விளக்கம் எழுதாதீர்கள். செய்தியை யாரோ ஒருவர் போகிற போக்கில் சொல்லட்டும், அவள் வழக்கம்போல ஏதாவது துடுக்காகப் பதில் சொல்ல வாயைத் திறந்து, சொல்லாமல் இருக்கட்டும்.

பழைய புத்தகக்கடை:

தோற்றுப்போனதாக நினைத்துக்கொள்ளுங்கள், நான் இன்னமும் ஓட வேண்டாம் என்ற கட்சிதான். ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்துக்காக ஓடினால் புத்தகத்தைக் கடையில் முன்வரிசையில் வைப்பேன். பக்கங்கள் இருநூறுக்குள் இருக்கட்டும். எழுத்துப் பெரிதாக இருக்கட்டும். அட்டையில் வாளேந்திய பெண்ணைப் போட்டுவிடாதீர்கள். அவள் கையில் இருப்பது கதிர் அரிவாள்.

சிம்மக்கல் ஆசிரியை:

அரிவாள்தான், சந்தேகமே வேண்டாம். ஓடுகிறாள், தடுக்கப்படுகிறாள், திரும்பி ஓடிக் கிழவியையும் குழந்தைகளையும் திட்டிவாசல் வழியாக மணல்வெளிக்குக் கொண்டுபோகிறாள். எச்சரிக்கை பலிக்காவிட்டாலும் அவள் மூன்று ஆண்டுகளுக்கு முன் செய்ய முடியாததை இப்போது செய்துவிடுகிறாள். சாகசக் கதைக்கு வேண்டிய கடைசி ஓட்டமும் எனக்குக் கிடைத்துவிட்டது. கடைசி இரண்டு அத்தியாயங்களையும் புதிதாக எழுதத் தொடங்கிவிட்டேன்.

முன்பக்கத்தில் ஒரு வரைபடம் போட வேண்டும். கோட்டை எது வரை இருந்தது என்று இன்றைய மதுரைப் பிள்ளைக்கு எப்படிக் காட்டுவது?

வைகைக்கரை:

அது எளிது. கோட்டையின் சுவரும் அகழியும் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில், 1840-களை ஒட்டி, இடித்துத் தூர்க்கப்பட்டன. அந்த இடத்தில் வந்தவைதான் வெளி வீதிகள் நான்கும்; மாசி வீதிகளுக்கும் அவற்றுக்கும் நடுவே மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் வந்தன. எனவே வரைபடத்தில் இன்றைய வெளி வீதிகளை மெல்லிய கோட்டில் போட்டு, அதன் மேல் சுவரையும் கொத்தளங்களையும் தடித்த கோட்டில் வரையச் சொல்லுங்கள். கொத்தளங்கள் எழுபத்திரண்டு என்பது பழைய கணக்கு. எழுபத்திரண்டையும் போட இடம் இருக்காது, வடக்குச் சுவரில் இருப்பவற்றை மட்டும் தெளிவாகப் போட்டால் போதும், ஏனென்றால் பேச்சி போகும் வழி அதுதான். பேருந்து நிலையத்துப் பக்கம் மேலவாசலில் மிச்சம் நிற்கும் கோட்டைத் துண்டை ஒரு புள்ளியால் குறித்துவிடுங்கள். கான் சாகிப்பின் பெயரைத் தாங்கிய கான்சா மேட்டுத் தெருவையும் விட்டுவிடாதீர்கள்.

வடக்கு வெளி வீதிக்கும் ஆற்றுக்கும் நடுவில் கட்டடம் எதுவும் வேண்டாம். ஆற்றில் மணலும் நாலைந்து ஊற்றுக் குழிகளும் போதும். படம் வரைகிறவரிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள், பழக்கத்தில் பாலத்தைப் போட்டுவிடப் போகிறார். ஆல்பர்ட் விக்டர் பாலம் 1889-இல்தான் வந்தது.